மர விளையாட்டுப் பொருளும் அதன் மேற்பூச்சும்

சிறு குழந்தைக்கு என்ன விளையாட்டுப் பொருள் வாங்குவது என்று கேட்டால், இன்றைய படித்த பெற்றோரிற் பலர் தயங்காமற் சொல்லும் விடை ஒன்று உண்டு: மரத்தாற் செய்தது எதுவாயினும் நல்லது. கொழும்பிலாயினும் ரொறொன்ரோவிலாயினும் இலண்டனிலாயினும் இதே விடைதான். பிளாஸ்ரிக் வண்டிலைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கள், அதே வண்டில் மரத்தில் இருந்தால் இரண்டு மடங்கு விலை கொடுக்கவும் பின்னிற்பதில்லை. மரம் இயற்கையானது, நமது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வருவது, ஆகவே குழந்தைக்குத் தீங்கு செய்யாது என்பது அவர்களின் நியாயம். இந்த நியாயத்தின் முதல் இரண்டு பகுதிகளும் உண்மை. மூன்றாவது பகுதி வரலாற்றின் முன் நிற்கக் கூடியதன்று.

2007 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு ஓர் அறிவித்தலை வெளியிட்டது. 'தோமஸும் நண்பர்களும்' என்ற பெயரில் விற்கப்பட்ட மரப் புகையிரதங்களில் ஏறத்தாழ 15 இலட்சம் திரும்பப் பெறப்படுகின்றன என்றது அவ்வறிவித்தல். காரணம், அவற்றின் நிறப்பூச்சில் ஈயம் கலந்திருந்தது. ஆர்சி-2 என்ற அமெரிக்க நிறுவனத்திற்காகச் சீனாவில் செய்யப்பட்ட இப்பொருட்கள் 2005 ஜனவரி முதல் விற்பனையில் இருந்தவை. அதாவது இரண்டரை ஆண்டுகளாகக் குழந்தைகள் அவற்றைக் கையில் வைத்திருந்தார்கள். இந்த வயதுக் குழந்தைகள் கையில் வைத்திருப்பதெல்லாம் வாய்க்குள் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்நாட்களில் எமது நாட்டில் போர்ச் செய்திகள்தான் பத்திரிகைகளின் பக்கங்களை நிறைத்துக்கொண்டிருந்தன. அமெரிக்கப் பிள்ளைகளின் பொம்மை இரயிலைப் பற்றிய முகவரகச் செய்தி செய்தி மேசைக்கு வந்தாலும், உள்பக்கத்தின் ஒரு மூலையில் அதற்கு இடங் கிடைத்தாலே பெரிது என்றிருந்த காலம் அது. ஆனால் புலம்பெயர்ந்த நம்மவர்களின் வீடுகளிலும் இந்த இரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அந்தப் பட்டியலை வாசித்தால் ஒன்று கண்ணில் படும். நீல நிறத் தோமஸ் அதில் இல்லை. சிவப்பு நிற ஜேம்ஸ், சிவப்புத் தபால் பெட்டி, சிவப்புத் தீயணைப்பு வண்டி, மஞ்சள் நிறப் பெட்டி, மஞ்சள் நிறக் கடவைப் பலகை என்று பெரும்பாலும் இரண்டே நிறங்கள்தான். மரம் எல்லாவற்றிலும் ஒரே மரம். பழுது மரத்தில் இருக்கவில்லை; சிவப்பிலும் மஞ்சளிலும் இருந்தது. மர விளையாட்டுப் பொருளின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், அதன் மேல் பூசப்பட்டதையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்தத் தோமஸின் பிறப்பே ஒரு மர விளையாட்டுப் பொருளோடு சம்பந்தப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேர்மிங்ஹாம் பகுதியில் இறைபணி செய்த வில்பேட் ஓட்றி என்ற அங்கிலிக்கன் மதகுரு, சின்னமுத்து நோயிற் படுத்திருந்த தமது மகனுக்குப் புகையிரதக் கதைகளைச் சொன்னார். பிறகு விளக்குமாற்றுத் தடியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளையும் வேறு மரத் துண்டுகளையும் கொண்டு ஒரு சிறிய இயந்திரத்தைத் தாமே செய்து கொடுத்தார். 1946 இல் தோமஸ் கதை நூலாக வந்தது. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகக் கையால் செய்த ஒன்று, அறுபது ஆண்டுகளில் எவர் பூசினார், எதைப் பூசினார் என்று விற்பவருக்கே தெரியாத ஒன்றாகிவிட்டது.

இனி நமது மரபைப் பார்ப்போம்.

மரம் உக்கிப்போகும் பொருள். ஆகவே தொல்லியலாளரின் கையில் மர விளையாட்டுப் பொருட்கள் அகப்படுவது அரிது. சிந்துவெளியிலே கிடைத்த சிறு வண்டில்கள் பெரும்பாலும் சுடுமண்ணால் ஆனவை. எகிப்தின் வறண்ட மணல் மட்டும் சிலவற்றைக் காத்துத் தந்திருக்கிறது. தாடை அசையும் மரப் பூனை ஒன்றை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். நமது நாட்டின் ஈரமும் கறையானும் அப்படி எதையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சியிருப்பது சொல் மட்டுமே. அந்தச் சொல் நன்றாகவே எஞ்சியிருக்கிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு நெடும்பாட்டுக்களிலும் குழந்தைகளின் சிறுதேர் வருகிறது. பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்று உருளைத் தேரை உருட்டிச் செல்கிறார்கள். உணங்கும் நெல்லைத் தின்ன வந்த கோழியை நோக்கிப் பெண்கள் எறிந்த பொற்குழை அந்தத் தேரின் வழியை மறிக்கிறது. அந்நகரின் செல்வத்தைச் சொல்வதற்காகப் புலவர் இக்காட்சியை வைத்தார் என்று உரைகாரர் சொல்வர். எனக்கோ அந்த மூன்றாவது உருளைதான் முக்கியமாகப் படுகிறது. நாலு காலும் தரையில் படிந்தால் சமனற்ற தெருவில் ஒன்று தூக்கி நிற்கும். மூன்று கால் எங்கும் படியும். இன்றைக்கும் நடைவண்டில் செய்யும் தச்சருக்கு இது தெரியும். பெரும்பாணாற்றுப்படையிலோ, தச்சர் செய்து கொடுத்த தேரை உருட்டி இளைத்த சிறுவர் செவிலியரிடம் பாலருந்தி உறங்குகிறார்கள். ஏறிச் செல்லும் தேர் அன்று, உருட்டும் தேர் என்று புலவர் வேறுபடுத்திக் காட்டுவதையும் கவனிக்க வேண்டும். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் வளர்ந்தபோது ஆண்பாற் பிள்ளையின் பத்தாவது பருவமாகச் சிறுதேர் அமைந்தது.

இச்சிறுதேருக்கு என்ன நிறம் பூசினார்கள் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் தமிழகத்தில் நிறம் பூசாமலே வழங்கி வந்த ஒரு மரப் பொம்மையை நாம் அறிவோம். அது மரப்பாச்சி. செம்மரத்தைக் குடைந்து, ஆணும் பெண்ணுமாகச் சோடியாகச் செய்யப்படும் பொம்மை. நவராத்திரிக் கொலுவில் முதற் படியில் இருக்க வேண்டியது என்ற வழக்கமும் உண்டு. செம்மரத்தின் வைரம் நீரிற் போட்டால் அமிழ்ந்துவிடும் அளவுக்கு அடர்த்தியானது. அதன் சிவப்பு மரத்தின் சிவப்பு. பல் முளைக்கும் பிள்ளை கடித்தாலும் சிராய் எழும்பாது. உரிந்து வருவதற்கு மேற்பூச்சு எதுவும் இல்லை. மரப்பாச்சியைக் கல்லில் நீர் விட்டு உரைத்துப் பற்றுப் போட்டால் வீக்கம் தணியும் என்ற நம்பிக்கையும் வீடுகளில் இருந்தது. மருத்துவம் அதை ஏற்கிறதோ இல்லையோ, பிள்ளையின் வாய்க்குள் போகும் பொருள் மருந்தாகக் கூடிய பொருளாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நம்பிக்கைக்குள் இருக்கிறது. இன்று செம்மரம் அருகி வருகிறது. 1995 முதல் அதன் சர்வதேச வர்த்தகம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. வேறு மரத்தைக் குடைந்து சிவப்புச் சாயமேற்றி மரப்பாச்சி என்று விற்பதும் நடக்கிறது. பெயர் பழையது என்பதற்காகப் பொருளும் பழையது என்று எண்ணிவிடக் கூடாது.

நிறம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை அறிய ஜேர்மனிக்குப் போக வேண்டும். சக்சனி மாநிலத்து எர்ஸ் மலைத்தொடரில் சைஃபன் என்றொரு ஊர் உண்டு. வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர் அது. சுரங்கம் வற்றத் தொடங்கியபோது மக்கள் கடைச்சல் பட்டறைக்கு மாறினார்கள். 1849 இல் சுரங்கம் முற்றாக மூடப்பட்ட வேளையில், ஊர் முழுவதும் மரப் பொம்மையில்தான் வாழ்ந்தது. 1800 ஆம் ஆண்டை அண்டி அவர்கள் கண்டுபிடித்த ஒரு முறை உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. ஈரமான மரத்தின் குறுக்குத் துண்டு ஒன்றைக் கடைச்சல் இயந்திரத்தில் பூட்டி, உளியால் வளையமாகக் கடைவார்கள். பார்ப்பவருக்கு அது வரிவரியான ஒரு மர வளையம் மாத்திரமே. கடைந்து முடித்து, தோசையைத் துண்டு போடுவது போலக் கத்தியை வைத்துப் பிளந்தால், ஒவ்வொரு துண்டின் குறுக்கு முகத்திலும் ஒரு பசுவோ குதிரையோ யானையோ நிற்கும். கடைபவர் உள்ளே இருக்கும் மிருகத்தைக் கண்ணால் காணாமலே கடைகிறார்! ஒரு வளையத்திலிருந்து பல பத்து மிருகங்கள். நோவாவின் பேழை என்ற பெயரில் சோடி சோடியாக மிருகங்களை அடுக்கி விற்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. விவிலியக் கதை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விளையாட அனுமதிக்கப்பட்ட பொருள் என்று இங்கிலாந்தில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. கடைவது தகப்பனின் வேலை. செதுக்குவது தாயின் வேலை. நிறம் பூசுவது பிள்ளைகளின் வேலை. பணக்கார வீட்டுப் பிள்ளை விளையாடுவதற்காக ஏழை வீட்டுப் பிள்ளை விளக்கடியில் இருந்து மிருகங்களுக்குக் கண் வைத்தது. பூசிய நிறங்களும் அக்காலத்தில் மலிவாகக் கிடைத்தவை. ஈயம் கலந்த வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும், நஞ்சுப் பாஷாணம் கலந்த பச்சையும் அந்த நூற்றாண்டின் சாதாரண நிறங்கள். இவற்றைப் பற்றி மருத்துவர்கள் முறையிட்டதன் பேரில் ஜேர்மனியப் பேரரசு 1887 ஜூலையில் ஒரு சட்டம் இயற்றியது. உணவுப் பொருட்களிலும் பாவனைப் பொருட்களிலும் நச்சு நிறங்களைச் சேர்ப்பதை அது கட்டுப்படுத்தியது. விளையாட்டுப் பொருட்களும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. ஆனால் எல்லா ஈய நிறங்களும் அதனால் ஒழியவில்லை.

ஈயத்தை ஏன் கலந்தார்கள் என்ற கேள்விக்கு விடை எளிது. ஈயம் சேர்ந்த பூச்சு விரைவில் காயும், பளபளக்கும், வெயிலிலும் மழையிலும் நாள்பட நிற்கும். நல்ல பூச்சு என்று மேசன்மாரும் தச்சரும் எதைச் சொன்னார்களோ அதுவே நஞ்சாக இருந்தது. அதன் சுவை சற்று இனிப்பானது என்பது இன்னுமொரு கொடுமை.

அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் 1890களில் ஜெஃபரிஸ் ரேணர் என்ற மருத்துவர், காரணந் தெரியாத வாத நோயோடு வந்த பிள்ளைகளின் உடலில் ஈய நஞ்சைக் கண்டார். அது எங்கிருந்து வருகிறது என்பது பல ஆண்டுகள் புரியவில்லை. 1904 இல் லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் விடையைச் சொன்னார். வெப்பநாட்டு வெயிலில் வீட்டு விறாந்தையின் மரக் கைப்பிடிகளில் பூசிய நிறம் பொடியாகி உதிர்கிறது. அதைத் தொட்ட விரல் வாய்க்குப் போகிறது என்றார். மற்ற மருத்துவர்கள் எளிதில் நம்பவில்லை. 1922 இல் தான் குயின்ஸ்லாந்து அரசு, வீடுகளில் நிலத்திலிருந்து நான்கடி உயரத்துக்குள் ஈயப் பூச்சைத் தடை செய்தது. நான்கடி என்பது ஒரு குழந்தையின் கை எட்டும் உயரம். அமெரிக்கா இந்த இடத்துக்கு வந்து சேர 1978 ஆனது. அவ்வாண்டில் அது வீட்டுப் பூச்சிலும் விளையாட்டுப் பொருட்களின் பூச்சிலும் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 600 பங்கு என்ற எல்லைக்குள் கொண்டுவந்தது.

இங்கே சற்று நின்று, மரத்தை ஏன் குழந்தைக்குக் கொடுத்தார்கள் என்பதையும் பார்த்துவிட வேண்டும். அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கொடுத்த காலம் போய், அறிவு வளரும் என்று கொடுத்த காலம் பிரெட்றிக் புறோபலோடு வருகிறது. 1837 இல் ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பேர்க்கில் அவர் தொடங்கிய நிலையம்தான் பின்னர் 'கிண்டர்கார்டன்' ஆயிற்று. அவர் 'கொடைகள்' என்று பெயரிட்ட பொருட்களில் மூன்றாவது, எட்டுச் சிறு கனங்களாகப் பிரியும் ஒரு மரக் கனம். அதில் நிறம் இல்லை, உருவம் இல்லை, கதை இல்லை. பிரித்தால் எட்டு, சேர்த்தால் ஒன்று. இதில் என்ன ஆபத்தைக் கண்டதோ, பிரஷ்ய அரசு 1851 இல் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டில் புறோபல் மனமுடைந்து இறந்தார். தடை 1860 இல் நீங்கியது. 1876 இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் இக்கனங்களைப் பார்த்த ஒரு தாய் தன் மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். அந்த மகன் பிராங் லொயிட் றைற். தமது கட்டடக் கலைக்கு அந்த மரக்கட்டைகள்தான் வித்து என்று அவர் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரியா மொண்டிசோரி நமக்கு இன்னும் அண்மையானவர். 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர் மூண்டதாலும் இத்தாலியர் என்பதாலும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944 இல் இலங்கைக்கும் வந்து, குழந்தையின் முதல் மூன்று வயதைப் பற்றி முப்பது விரிவுரைகள் நிகழ்த்தினார். நமது ஊர்களில் பாலர் பாடசாலை என்றாலே 'மொண்டிசோரி' என்று சொல்லும் வழக்கம் நிலைத்திருக்கிறதல்லவா? அவரது முறையைப் பின்பற்றாத இடங்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிவிட்டது வேறு கதை. அவர் வகுத்த பொருட்களிலே ஒரு சென்ரிமீற்றர் தொடங்கிப் பத்து சென்ரிமீற்றர் வரையான பத்து மரக் கனங்கள் ஒரு கோபுரமாக அடுக்கப்படும். எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. நிறம் ஒன்றாக இருந்தால்தான் பிள்ளையின் கண் அளவை மட்டும் கவனிக்கும் என்பது அவர் கருத்து. துளைகளில் பொருத்தும் மர உருளைகளோ, பிழையாக வைத்தால் கடைசியில் ஒன்று மிஞ்சி நிற்கும்; ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரு பொருளைத் தெரிவு செய்யும்போது அது பிள்ளைக்கு என்ன செய்து காட்டும் என்று கேளாமல், பிள்ளை அதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும் என்பதை இவ்விருவரிடமும் நாம் கற்கலாம். மின்கலம் போட்டால் பாடும் மரப் பெட்டி, மரமாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது.

மேற்பூச்சின் கதைக்குத் திரும்புவோம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலா கேர்க் கிறிஸ்ரியான்சன் என்ற தச்சர், பொருளாதார மந்தத்தில் வீட்டுவேலை கிடையாமல் 1932 இல் மர விளையாட்டுப் பொருள் செய்யத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அதற்கு 'லெகோ' என்று பெயரிட்டார். இழுத்துக்கொண்டு போகும் மரத் தாரா அவரது பெயர் பெற்ற ஆக்கம். ஒரு நாள் அவர் மகன் கொட்பிறட், தாராக்களுக்கு வழக்கமான மூன்று பூச்சுக்குப் பதில் இரண்டே பூச்சுப் பூசி அனுப்பிவிட்டு, காசு மிச்சம் பிடித்த பெருமையோடு வந்து சொன்னாராம். தகப்பன் உடனே அவரைப் புகையிரத நிலையத்துக்குத் திருப்பி அனுப்பி, பெட்டிகளை மீட்டுவரச் செய்து, தனியாக இருந்து மூன்றாவது பூச்சையும் பூச வைத்தார் என்று அந்நிறுவனத்தார் இன்றும் சொல்லுவர். 1960 பெப்ரவரியில் அவர்களது மரப் பொருட் களஞ்சியம் தீக்கிரையானபோது, மகன் மரத்தைக் கைவிட்டு பிளாஸ்ரிக் கட்டைகளோடு மட்டும் நின்றார். மரம் கைவிடப்பட்டாலும் மூன்றாவது பூச்சின் கதை கைவிடப்படவில்லை.

2007 இல் அந்த மூன்றாவது பூச்சைப் பார்ப்பவர் எவரும் இருக்கவில்லை. நிறுவனம் ஒரு நாட்டில். தொழிற்சாலை இன்னொரு நாட்டில். தொழிற்சாலைக்குப் பூச்சு விற்றவர் மூன்றாமவர். அவருக்கு நிறத்தூள் விற்றவர் நான்காமவர். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மற்றொரு பெரிய நிறுவனத்தின் பிளாஸ்ரிக் பொம்மைகளிலும் ஈயம் அகப்பட்டபோது, அவற்றைச் செய்த சீனத் தொழிற்சாலையின் உரிமையாளர் தூக்கிட்டு இறந்தார். மர இரயில்களின் கதையோ செப்ரெம்பரில் மீண்டும் எழுந்தது. மேலும் ஏறத்தாழ 200,000 பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. முதல் தடவை பழுதான இரயில்களைத் தபாலில் திருப்பி அனுப்பிய பெற்றோருக்கு, நல்லெண்ணப் பரிசாக நிறுவனம் ஒரு சிறு வண்டியை அனுப்பியிருந்தது. அந்தப் பரிசு வண்டிகள் சிலவும் இரண்டாவது பட்டியலில் இருந்தன.

இதன் விளைவாக அமெரிக்க கொங்கிரஸ் 2008 இல் ஒரு கடுமையான சட்டத்தை நிறைவேற்றியது. பூச்சில் ஈயத்தின் எல்லை பத்து இலட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைந்தது. ஒவ்வொரு வகைப் பொருளையும் வெளி ஆய்வுகூடத்திற் சோதிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நல்ல சட்டந்தான். ஆனால் இலட்சக்கணக்கில் ஒரே பொம்மையைச் செய்பவருக்குச் சோதனைச் செலவு ஒரு பொருட்டல்ல; ஆண்டுக்கு ஐம்பது மர வாத்துக்களைக் கையால் செதுக்கி, தேன்மெழுகு பூசி விற்பவருக்கு அது கடையை மூடும் செலவு. செலெக்ரா என்ற பழைய ஜேர்மனிய மரப்பொம்மை நிறுவனம் 2008 முடிவோடு அமெரிக்க விற்பனையை நிறுத்திக்கொண்டது. கைவினைஞர்கள் ஒன்றுகூடிக் கூட்டமைப்பு அமைத்துப் போராடினார்கள். வெறும் மரத்தில் ஈயம் இராது, அதைச் சோதிக்கத் தேவையில்லை என்று ஆணைக்குழு 2009 இல் அறிவித்தது. சிறு உற்பத்தியாளருக்கான சலுகை 2011 இல் வந்தது. பெரியவர் செய்த குற்றத்துக்குச் சிறியவர் தண்டம் கட்டியது இந்தச் சட்டத்தின் முதல் மூன்று ஆண்டு வரலாறு என்றால் மிகையன்று.

இந்தியாவிலும் இதே சிக்கல் எழுந்தது. விளையாட்டுப் பொருட்கள் எல்லாம் தரச் சான்று பெற வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, பதிவு பெற்ற கைவினைஞருக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகள் இவ்விலக்குப் பெற்றவை. வெட்பாலை மரத்தைக் கடைச்சலில் சுழலவிட்டு, அது சுழலும்போதே நிறமேற்றிய அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்து மினுக்குவார்கள். தூரிகையே தேவையில்லை. அரக்கு தீங்கற்றது. அரக்கிற் கலக்கும் நிறத்தூள் எது என்பதே கேள்வி. மஞ்சளும் அவுரியும் போன்ற தாவரச் சாயங்களுக்குத் திரும்பும் முயற்சி அங்கே நடந்து வருகிறது. விலக்கு இருக்கிறது என்பதற்காக வாங்குபவர் கேட்காமல் இருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பூச்சுக்கு அடுத்தது அளவு. மரத்தாற் செய்த பொருள் தொண்டையிற் சிக்காது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஃபிஷர்-பிறைஸ் நிறுவனம் விற்ற, பெருவிரல் அளவான சிறு மனித உருவங்கள் தொடக்கத்தில் மரத்தாலானவை. பின்னர் பிளாஸ்ரிக்கில் வந்தன. அவை தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் இறந்த சம்பவங்களின் பின்னர், 1991 இல் அவற்றைப் பருமனாக்கினார்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உரிய பொருளின் எந்தத் துண்டும் அடங்கிவிடக் கூடாத ஒரு சிறு குழாயை 1980 முதல் அமெரிக்காவில் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதன் குறுக்களவு 31.7 மில்லிமீற்றர். பந்து என்றால் 44.5 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. மரக் கிலுக்கின் உள்ளே இருக்கும் மணிகளும், வண்டிலின் சில்லைத் தாங்கும் ஆணியின் தலையும் இந்தக் கணக்கில் சேரும். சில்லை இழுத்துப் பார்க்காமல் மர வண்டில் வாங்குவது, சக்கரத்தைப் பாராமல் மோட்டார் வாகனம் வாங்குவது போன்றது.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பாவில் பீச் மரத்தையும் மேப்பிளையும் விரும்புவது, அவை இறுக்கமானவை, சிராய் எழும்பாதவை என்பதால். நமது பகுதியில் அவற்றின் இடத்தை றப்பர் மரம் பிடித்துக்கொண்டது. பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாக்கிய காலம் போய், தாய்லாந்தின் ட்றாங் நகரில் 1981 இல் தொடங்கிய ஒரு நிறுவனம் அதில் விளையாட்டுப் பொருள் செய்து உலகெங்கும் விற்றது. 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதல் றப்பர்க் கன்றுகளை நட்ட நமது நாட்டுக்கும் இது பொருந்தும் தொழிலே. வெட்டிய றப்பர் மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் பற்றும் என்பதால் அதைப் போரிக் உப்புக்களில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். ஆகவே நிறம் பூசாத மரம் என்றாலும் எதுவும் சேராத மரம் என்று பொருளில்லை.

இலங்கையில் விளையாட்டுப் பொருட்களுக்கான பூச்சில் ஈயத்தின் எல்லை 90 பங்கு என்ற விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய தொட்டிலும் நடைவண்டிலும் மரக் குதிரையும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும். பேரப்பிள்ளைக்கென்று அவற்றை இறக்கித் தூசு தட்டும்போது, பூச்சு வெடித்திருந்தால் அதை உலர்வாக அரத்தாளால் தேய்க்கக் கூடாது. எழும்பும் தூசு பூச்சைவிடப் பொல்லாதது. பெரியவர் உண்டால் ஏறும் ஈயத்தைப் போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடலில் ஏறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லக் கூடிய அளவு எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. புதிதாக வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, இது மரமா என்றல்ல. இதன் மேல் என்ன பூசியிருக்கிறது, எந்தத் தரத்துக்குச் சோதித்தது என்று. விடை தெரியாவிட்டால் பூசாததை எடுக்கலாம்.

கடைசியாக, 2007 இல் திரும்பப் பெறுவதாக அறிவித்த அந்த இரயில்கள். அவ்வாறு அறிவிக்கப்படும் பொருட்கள் முழுவதும் திரும்பி வருவது எங்குமே நடப்பதில்லை. அன்று மூன்று நான்கு வயதில் அவற்றோடு விளையாடிய பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகும் பருவத்தில் இருக்கிறார்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள நம்மவர் வீடுகளின் நிலவறைகளிலும் பரண்களிலும், பழைய பொருட் சந்தைகளின் பெட்டிகளிலும் மர இரயில்கள் கிடக்கின்றன. நல்ல மரம், ஆகவே எறிய மனம் வருவதில்லை. 2005 ஜனவரிக்கும் 2007 ஜூனுக்கும் இடையில் வாங்கிய சிவப்பு ஜேம்ஸ் உங்கள் பெட்டியில் இருந்தால், பேரனிடம் கொடுக்குமுன் அதன் அடிப்புறத்தைத் திருப்பி உற்பத்திக் குறியைப் பாருங்கள். அமெரிக்க ஆணைக்குழுவின் இணையப் பக்கத்தில், எந்தக் குறி பொறித்தவை திரும்பப் பெறப்பட்டவற்றில் அடங்கவில்லை என்ற விபரத்தோடு அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது.